வெள்ளை போர்டு பேருந்து



2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதை 'ஓசிப் பயணம்' என்று ஒருநாள் திருப்பலி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது நானும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். வீட்டுவேலைக்குப் போகும் தாய் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க மூணு ஸ்டாப் நடந்தே போவேன் ஃபாதர். போய்ச் சேரும்போதே கால் வீங்கிடும். இப்ப இன்னொரு வீட்டு வேலையும் சேர்த்துப் பார்க்கிறேன்" என்றார். கோபமில்லை, அதுதான் என்னைச் சுட்டது.

என் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடுவது உங்கள் காணிக்கை. அதை யாரும் ஓசி என்று சொன்னதில்லை.

மறுவாரம் பேருந்து நிறுத்தத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் ஃபாதர், வண்டி வந்துடுச்சு" என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.