பதிப்பும் பொறியும்

ஏட்டுச் சுவடிகள் அச்சு நூல்களாக மாறிய காலத்தில் யாழ்ப்பாணத்து அறிஞர்கள் ஆற்றிய பணியைத் தமிழுலகம் நன்கறியும். நல்லூர் ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றினார். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது பழமொழி. படியெடுக்கும் ஒவ்வொரு கையும் ஒரு பிழையைப் புகுத்தக்கூடும் என்பதை உணர்ந்தவர்களாதலால், அவர்கள் பிரதிகளை ஒப்புநோக்கி, அச்சுத்தாளைத் திருத்திய பின்னரே நூலை வெளியிட்டார்கள்.

பதிப்பு, வெளியீடு என்னும் அவ்விரு சொற்களும் இன்று கணினித் துறையில் மீண்டும் வழங்குகின்றன. நிரலாளர் எழுதுவது மூலநிரல். அதைப் பிறர் தம் கணினியில் நிறுவிப் பயன்படுத்தத்தக்க வடிவிற் கட்டித் தருவது பொதி. மூலநிரல் ஏடு என்றால், பொதி அச்சிட்ட நூல் எனலாம். ஒரு நூலின் பிழை வாசகரைத்தான் மயக்கும். ஒரு பொதியின் பிழையோ, அதை நம்பி எழுதப்பட்ட வேறு மென்பொருள்களையும் பற்றிக்கொள்ளும்.

பொதியை வெளியிடுவது ஒரே செயலன்று. பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும். சோதனைகளை நடத்த வேண்டும். பொதியைக் கட்ட வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். மாற்றங்களின் பட்டியலை எழுத வேண்டும். இவற்றையெல்லாம் மனிதர் ஒருவர் நினைவிலிருந்து செய்தால், என்றேனும் ஒருநாள் ஒரு படி விடுபடும். 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்குவணிக நிறுவனத்தில் நடந்தது இதுவே. புதிய நிரலை எட்டு வழங்கிகளில் ஏற்ற வேண்டியவர் ஒன்றைத் தவறவிட்டார். அந்த ஒன்றில் எஞ்சியிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு தாறுமாறாக வணிகம் செய்தது. ஏறக்குறைய 45 நிமிடத்தில் நிறுவனம் 40 கோடி டொலருக்கு மேல் இழந்தது.

இதற்குக் கண்ட மருந்தே தொடர் ஒருங்கிணைப்பு என்னும் முறை. நிரலாளர் தாம் செய்த மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்திற் சேர்த்தவுடன், தொலைவிலுள்ள ஒரு கணினி விழிக்கிறது. முன்னைய வேலையின் சுவடு சிறிதுமற்ற வெற்றுநிலையிலிருந்து அது தொடங்குகிறது. வேண்டிய துணைப் பொதிகளை நிறுவி, நிரலைக் கட்டி, சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டுகிறது. ஒன்று தவறினாலும் அங்கேயே நின்று அறிவிக்கிறது. எல்லாம் தேறி, 'இது புதிய பதிப்பு' என்று பொறுப்பாளர் எண்ணிட்டுக் குறித்தால், பொதியைக் கட்டிக் களஞ்சியத்தில் தானே ஏற்றிவிடுகிறது. இப்படிகளின் வரிசையைத்தான் பைப்லைன் என்கிறார்கள். அவ்வரிசையும் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, மூலநிரலின் பக்கத்திலேயே யாவரும் காண இருக்கும்.

சோதனை என்றால் எத்தகையது? நம் மொழியிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். 'கொ' என்னும் எழுத்தை யூனிகோட் முறையில் இருவகையாகக் குறிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒருவகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொருவகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' போன்ற எண்ணிம நூலகத்தில் ஒருவர் 'கொழும்பு' என்று தேடும்போது, மற்ற வகையில் எழுதப்பட்ட 'கொழும்பு' அகப்படாமற் போனால், நூல் இருந்தும் இல்லாததே ஆகும். 'இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறதா?' என்று ஒரு சோதனை எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பொறி அக்கேள்வியைச் சலியாது கேட்கும். மனிதர் பத்தாம் முறை கேட்க மறந்துவிடுவர்.

இம்முறை பெருநிறுவனங்களுக்கே உரியது என்று எண்ணுவோர் உளர். உண்மையில், குடாநாட்டில் மூவரோ நால்வரோ கூடி வேலை செய்யும் சிறு குழுவுக்கே இதன் தேவை மிகுதி. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. வெளியீடு ஒருவரது மேசைக் கணினியை நம்பியிருந்தால், மின்சாரத்துடன் அதுவும் நின்றுவிடும். இன்னொன்று: நம் இளைஞர் கடல் கடந்து போவது புதிதன்று. வெளியீட்டு முறை ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் விமானம் ஏறும் நாளில் அதுவும் ஏறிவிடும். ஒரே இடத்தில் ஒரே படியை வைத்திருப்பதன் அபாயத்தை, 1981இல் பொது நூலகம் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணத்துக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் பொறியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கலாமா? ஆகாது. 2024 மார்ச்சு 29இல் வெளியான ஒரு செய்தி உலகத்து நிரலாளர்களைத் திடுக்கிடச் செய்தது. எக்ஸ்-இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் கள்ளநிரல் மறைந்திருந்தது. நெடுநாள் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒரு பொறுப்பாளரே அதைப் புகுத்தியிருந்தார். ஒரு பகுதி சோதனைக் கோப்புகளில் ஒளிந்திருந்தது. அதை எழுப்பும் கட்டளையோ பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. ஏடு ஒன்று, அச்சிட்ட நூல் வேறொன்று! அதைக் கண்டுபிடித்தவர் அன்றிரஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளர். தொலைக்கணினியில் நுழைவது ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து, 'ஏன்?' என்று அவர் கேட்டார்.

பொதியைத் தனியொருவர் கையால் கட்டாமல், யாவரும் காணும் மூலநிரலிலிருந்து பொறியே கட்டுமாயின், இத்தகைய வேறுபாட்டை ஒளிப்பது கடினமாகும். களஞ்சியத்தின் சாவியையும் ஒருவரிடம் நிலையாகக் கொடுத்துவைக்க வேண்டுவதில்லை. பைத்தன் மொழியின் பொதுக் களஞ்சியம் 2023 முதல், பொறிக்குச் சிறிது நேரமே செல்லும் அனுமதியை அவ்வப்போது வழங்குகிறது. ஆயினும், பொறியையே கெடுப்பாரும் உண்டு. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தில் பொதி கட்டப்படும் இடத்திலேயே கள்ளநிரல் புகுந்தது 2020இல் வெளிப்பட்டது. ஆகவே, அந்த வரிசைக் கோப்பை மாற்றுவதற்கும் இன்னொருவர் பார்வையும் ஒப்புதலும் வேண்டும்.

நேயர்களே, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை பொறிக்குரியது; ஐயுறுவதும் ஆராய்வதும் பொறுப்பேற்பதும் மனிதருக்குரியன. அச்சியந்திரம் நாவலருக்குப் படியெடுக்கும் உழைப்பை மிச்சப்படுத்தியது. பிழை பார்க்கும் கடமையை நீக்கவில்லை. நம் இளைய நிரலாளரும் பொறியை வேலைக்கு அமர்த்தி, அதனால் மிஞ்சும் நேரத்தை அந்தக் கடமைக்கே செலவிடுவாராக.