டிகிரி கையில, வேலை எங்கே? காத்திருப்போட கணக்கு

பையன் டிகிரி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, வேலை இல்லை. பல வீடுகள்ல இருக்கிற இந்தப் பிரச்சினையைத்தான் இந்த எபிசோடுல பேசப்போறோம்.

முதல்ல ஒரு புள்ளிவிவரம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பங்கேற்று 2024-ல் வெளியான இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வெறும் 3.4. அப்போ படிச்சது தப்பா? இல்லை. அன்னைக்குக் கூலி வந்தாதான் அடுப்பு எரியும்ங்கிற வீட்டுல, வேலை இல்லாம இருக்கவே முடியாது. கிடைச்சதைச் செஞ்சாகணும். பட்டதாரி காத்திருக்கிறான். அப்பாவோட சம்பளமோ பென்ஷனோ அதுக்கு முட்டுக் கொடுக்குது.

தமிழ்நாட்டுல பல பேர் காத்திருக்கிறது டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காக. 2022-ல் குரூப் 4 தேர்வுல முதல்ல அறிவிச்ச 7,301 இடங்களுக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பிச்சாங்க. இதுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். 2019-ல் சட்டமன்றச் செயலகத்துல 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,000-க்கும் மேல விண்ணப்பங்கள். அதுல எம்.பி.ஏ., பொறியியல் படிச்சவங்களும் இருந்தாங்க.

"கவர்மென்ட் வேலைப் பைத்தியம்"னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா கணக்கைப் பாருங்க. இளநிலை உதவியாளரோட அடிப்படைச் சம்பளம் 19,500-ல் தொடங்குது. மேல அகவிலைப்படி, வருஷா வருஷம் இன்கிரிமென்ட். இந்தப் பக்கம், தனியார் கம்பெனியில பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்துக்குத்தான் பல பேரைக் கூப்பிடுறாங்க. ரூம் வாடகை, மெஸ் பில் போனா கையில என்ன நிக்கும்? காத்திருக்கிறவன் முட்டாள் இல்லை.

ஆனா அந்தக் கணக்குல முடிவுத் தேதி இல்லை. இடஒதுக்கீட்டுப் பிரிவினர் கூடுதலாப் படிச்சிருந்தா, குரூப் 4-ல் பல பதவிகளுக்கு உச்ச வயது வரம்பே இல்லாம இருந்திருக்கு. இது நல்ல சலுகைதான். ஆனா கதவு எப்பவும் திறந்தே இருந்தா, "இன்னும் ஒரு தடவை"ன்னு சொல்றது ரொம்பச் சுலபம்.

அந்த ஒவ்வொரு தடவைக்கும் செலவு குடும்பத்தோடது. அரசு உதவித்தொகை பட்டதாரிக்கு மாசம் 600 ரூபாய். அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும். பொறியியல் மாதிரி தொழிற்படிப்பு முடிச்சவங்களுக்கு அதுகூடக் கிடையாது.

பெண் பட்டதாரிகள் நிலைமை இன்னும் மோசம். கல்யாணத்துக்கு அப்புறம் வேலை தேடுறதை விட்டவங்க வேலையில்லாதவர் கணக்குலயே வர்றதில்லை. ஆணுக்கோ, வேலை இல்லைன்னா வரன் பேச்சே தொடங்காது. "இப்போ என்ன பண்றே தம்பி?"ங்கிற கேள்விக்குப் பயந்து சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போறதையே நிறுத்திடறான்.

காத்திருக்காதீங்கன்னு நான் சொல்லலை. தொடங்கும்போதே வீட்டுல உட்கார்ந்து பேசிடுங்க. எத்தனை முயற்சி, எவ்வளவு பணம், எந்த வருஷத்தோட நிறுத்தறோம்? கட்-ஆஃப் மதிப்பெண்ணை நெருங்குறோமா, விலகுறோமான்னு ஒவ்வொரு ரிசல்ட்லயும் பாருங்க. படிச்சுக்கிட்டே செய்யற மாதிரி ஒரு வேலை இருந்தா விடாதீங்க; வருமானத்தைவிட, வெளியுலகத்தோட தொடர்பு அறுந்துபோகாம இருக்கிறது முக்கியம்.

கம்பெனி நடத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆள் கிடைக்கலை"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, நீங்க தர்ற சம்பளத்துல உங்க பையனை வேலைக்கு அனுப்புவீங்களான்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.