சொன்ன சொல்லும் சூழ்ந்த இடரும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வணிகத்துக்கு அடித்தளம் நாணயம். சொன்னதைச் செய்வேன் என்பதே எந்த ஒப்பந்தத்துக்கும் உயிர். ஆயினும் போர் மூள்கிறது; வெள்ளம் பெருகுகிறது; அரசாங்கத்தின் ஆணை பிறக்கிறது; சரக்கு வந்து சேரவில்லை. "இதை நான் எதிர்பார்த்தேனா? என்னை விட்டுவிடுங்கள்" என்கிறான் வாக்களித்தவன். "உம்மை நம்பி நான் வேறொருவருக்கு வாக்களித்துவிட்டேனே!" என்கிறான் வாங்குபவன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நட்டத்தை எவர் தாங்குவது? இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 56-ஆம் பிரிவில் இதற்கு விடை கூறுகிறது. ஒப்பந்தம் ஆன பின்னர், வாக்களித்தவனால் தடுக்க முடியாத நிகழ்ச்சியினால் அச்செயல் இயலாததாகவோ சட்ட விரோதமானதாகவோ ஆகிவிட்டால், ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். ஆனால் "இயலாதது" என்ற சொல்லின் எல்லை எது? வழக்குகள் பலவும் அங்கேதான் எழுகின்றன.

அவ்வெல்லையை வகுத்த பெரு வழக்கு நாம் வாழும் இக்கல்கத்தா நகரிலேயே பிறந்தது. டாக்குரியா ஏரிப் பக்கத்தில் ஒரு நிறுவனம் தன் நிலத்தை மனைகளாகப் பிரித்து, சாலையும் வடிகாலும் அமைத்துத் தருவதாகக் கூறி, 1940-இல் முன்பணம் பெற்றது. 1941-இல் போர்த் தேவைக்காக அரசாங்கம் அந்நிலத்தில் பெரும்பகுதியைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் முறிந்தது என்றது நிறுவனம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இயலாமை என்பது உடலால் செய்ய முடியாமை மட்டுமன்று. ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்துபோவதும் இயலாமையே என்று நீதிபதி பி. கே. முகர்ஜி விளக்கினார். அவ்வாறு எல்லையை அகலமாக வகுத்தும், நிறுவனத்தை அவர் விடுவிக்கவில்லை. கையெழுத்திட்ட நாளிலேயே போர் நடந்துகொண்டிருந்தது; வேலையை முடிக்கக் கெடு எதுவும் குறிக்கப்படவில்லை; நிலமும் தற்காலிகமாகவே எடுக்கப்பட்டது. ஆகவே அடிப்படை தகரவில்லை.

விலையேற்றம் பற்றி என்ன? படைகளுக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள், போரினால் செலவு மிகுந்தது என்று ஒப்பந்த விகிதத்துக்கு மேல் கேட்டார்கள். 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இந்தோனேசிய நிலக்கரியின் விலை உயர்ந்ததென்று மின் நிறுவனங்கள் முறையிட்டபொழுதும், 2017-இல் அதே விடைதான் கிடைத்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறமாட்டோம் என்பதற்காகத்தானே விலையை முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம்!

நைஹாத்தி சணல் ஆலையின் வழக்கு வேறொரு பாடம் தருகிறது. 1958-இல் பாகிஸ்தான் சணல் வாங்க ஒப்பந்தம் செய்த ஆலை, இறக்குமதி லைசென்ஸைத் தானே பெறுவதாக ஏற்றது. ஆலையில் கையிருப்பு உண்டென்று அதிகாரிகள் லைசென்ஸை மறுத்தார்கள். பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றவன் அதிகாரியின் மறுப்பைக் காட்டித் தப்ப முடியாது என்று 1968-இல் தீர்ப்பாயிற்று.

அப்படியானால் விடுதலையே இல்லையா? உண்டு. இலண்டனில் வாடகைக்குப் பேசிய இசை மண்டபம், நிகழ்ச்சிக்கு முன்பே, 1861-இல் எவர் குற்றமுமின்றி எரிந்துபோயிற்று. மண்டபமே இல்லாதபோது ஒப்பந்தம் எங்கே நிற்கும்? இருவரும் விடுபட்டனர் என்று 1863-இல் தீர்ப்பு வந்தது.

வணிக அன்பர்களே, இடர் வந்தால் முதலில் உங்கள் பத்திரத்தைப் படியுங்கள். இன்ன இடையூறு நேர்ந்தால் இன்னது செய்வது என்று அதில் விதி இருந்தால் அதுவே ஆளும். விதி இல்லாவிட்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை முன்பே அறிந்திருக்கக் கூடுமா? என் செயலால் விளைந்ததா? சில நாள் பொறுத்தால் நீங்குமா? வேறு வழியில், கூடுதல் செலவிலாவது, செய்ய இயலுமா? நான்குக்கும் "இல்லை" என்று மனச்சான்று சொன்னாலன்றி விடுதலை கேட்கத் துணியாதீர்கள்.

இன்னொன்று: காலத்தில் கடிதம் எழுதுங்கள். 2020 பிப்ரவரியில், கொள்ளை நோய் பரவத் தொடங்கியபோது, மத்திய நிதி அமைச்சகம் அரசாங்கக் கொள்முதல் பற்றி ஒரு குறிப்பு அனுப்பியது. நோயை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாம் என்று கூறிய அதே குறிப்பு, இத்தகைய விதி கடமையை அழிப்பதில்லை, இடர் நீங்கும்வரை நிறுத்தி வைப்பதே என்றும், இடர் நேர்ந்தவுடனே அறிவிக்க வேண்டும், பின்னர் கோர முடியாது என்றும் எச்சரித்தது.

ஒப்பந்தம் உண்மையிலேயே செல்லாததாகிவிட்டாலும், பெற்ற நன்மையைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. இடர் ஒருவனைக் கடமையிலிருந்து விடுவிக்கலாம். பிறர் பொருளை அவனுக்கு உரிமையாக்காது.

பிழைப்பை நாடி வந்த ஊரில் நமக்கு முதல் நம் சொல்லே. இடர் என்பது அச்சொல்லைச் சோதிக்கும் உரைகல். மறுக்கும் முன் ஆராய்வோம். இயலாததை உடனே அறிவிப்போம். இயன்றதைச் செய்து முடிப்போம்.