நம்பிக்கையும் கணிப்பொறியின் பரிந்துரையும்

தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் பலர் இந்த அவையில் இருக்கின்றோம். எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த விடுதிக்கு மனுச் செய்வது என்று வீட்டில் எவரும் நமக்குச் சொல்ல இயலவில்லை. இச்சங்கத்து அண்ணன் ஒருவரோ அக்காள் ஒருவரோ சொன்னார், நம்பினோம். அவர் விருப்பமும் நம் விருப்பமும் ஒத்திருந்தமையால் நம்பினோம் அல்லோம். அவரை அறிந்திருந்தமையால் நம்பினோம். இவ்வேறுபாட்டையே கணிப்பொறி அறிஞரும் ஆராய்ந்து வருகின்றனர்.

கைப்பேசியைத் திறந்தால் இந்தப் படத்தைப் பாருங்கள், இந்த நூலை வாங்குங்கள் என்று அது நமக்குப் பரிந்துரைக்கிறது. இதன் பழைய வழி எளியது. 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த குரூப்லென்ஸ் என்னும் முறையில், இணையச் செய்திகளைப் படிப்போர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டனர். நம்மைப் போலவே மதிப்பெண் இட்டவர் எவரெனப் பொறி தேடும். அவருக்குப் பிடித்து நாம் இன்னும் காணாததை நமக்கு எடுத்துக் காட்டும். சுவை ஒப்புமையே இதற்கு அடிப்படை.

இருவர் சுவை ஒத்ததா என்று அறிய, இருவரும் ஒரே பொருள்கள் சிலவற்றுக்கேனும் மதிப்பெண் இட்டிருத்தல் வேண்டுமன்றோ? இடர்ப்பாடு இங்குதான். 1999இல் தொடங்கி, இப்போது மூடப்பட்டுவிட்ட எப்பினியன்ஸ் என்னும் இணையத் தளத்தில் மக்கள் நூல், வண்டி, வீட்டுச் சாமான் முதலியவற்றைப் பற்றிக் கருத்துரை எழுதினர். இன்னாருடைய கருத்தை நம்புகிறேன் என்று குறிக்கவும் அதில் வழி இருந்தது. இத்தாலி நாட்டுத் திரெந்தோ நகரத்து அறிஞர் மாஸா, அவெசானி இருவரும் அத்தளத்தின் தரவை ஆராய்ந்தனர். பயனர் 49,290 பேர், பொருள்கள் 1,39,738, மதிப்பெண்கள் 6,64,824, நம்பிக்கைக் குறிப்புகள் 4,87,181. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பதின்மூன்று மதிப்பெண்களே தேறும். பயனரில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து கூட இடவில்லை. இப்புதியவர்க்கு ஒப்புமை முறை பெரும்பாலும் வாய்திறப்பதில்லை.

புதியவர் ஒரே ஒருவரை நம்புவதாகக் குறித்தால் போதும். அவரிடமிருந்து அவர் நம்புவோர்க்கும், அங்கிருந்து அவர்கள் நம்புவோர்க்கும் பொறி செல்லும். படி தாண்டுந்தோறும் நம்பிக்கையின் எடையைக் குறைத்துக்கொள்ளும். இவ்வழியால் மிகுந்த பயன் பெற்றவர் புதியவரே என்று அவ்வறிஞர் 2007இல் காட்டினர். நிறைய மதிப்பெண் இட்டவர்க்கோ பழைய வழியே பெரும்பாலும் போதுமாயிருந்தது. ஃபிலிம்டிரஸ்ட் என்னும் திரைப்படத் தளத்தை வைத்து ஆராய்ந்த ஜெனிஃபர் கோல்பெக் அம்மையார் கண்டதும் நமக்குச் சுவையானது: ஊரார் கருத்தினின்று வெகுவாக மாறுபட்ட கருத்துடையார்க்கே நம்பிக்கை வழிப் பரிந்துரை மிகவும் பொருந்திற்று.

வஞ்சகர்க்கும் இது தடை. தம் சரக்கை விற்க எண்ணுவோர், நாம் இட்ட மதிப்பெண்களைப் படியெடுத்துப் பொய்ப்பயனர் ஒருவரைப் படைத்து, அவர் பெயரால் தம் சரக்குக்கு முழு மதிப்பெண் இடலாம். ஒப்புமை முறை அவரை நம் உடன்பிறப்பென்றே கொள்ளும். நம்பிக்கை முறையிலோ அவரை நம்புவோர் எவருமிலர். ஆகையால் அவர் குரல் நம்மை எட்டாது.

அவநம்பிக்கையைக் கையாள்வது கடினம். எதிரிக்கு எதிரி நண்பன் என்பர். பொறி அதை நம்பிக் கணக்கிடலாமா? 2004இல் எப்பினியன்ஸ் தரவைக் கொண்டே ஆராய்ந்த வேறு சிலர், அவநம்பிக்கையை ஒரு படிக்கு மேல் கொண்டு செல்லாமல் நிறுத்துவதே பெரும்பாலும் நலம் எனக் கண்டனர்.

இத்தனையும் கேட்டபின் நம்பிக்கை முறையை முழுதும் போற்றிவிட நமக்கு மனம் வரவில்லை. மனிதர் பெரும்பாலும் தம்மை ஒத்தவரையே நம்புகின்றனர். அந்நம்பிக்கையைப் பொறி படிப்படியாக எடுத்துச் செல்லுங்கால், அதனைச் சூழ்ந்த மதிலும் உடன் செல்கிறது. சேரியில் பிறந்த பெண்ணொருத்தி ஒரு நூலைப் பற்றி நுட்பமாக எழுதுகிறாள் என்க. அவளை நம்புவதாக எவரும் குறிக்கவில்லையெனில் அவள் எழுத்து எவரிடமும் சேராது. ஒப்புமை முறை ஆளை அறியாது; மதிப்பெண்ணை மட்டுமே எண்ணும். நம்பிக்கை முறையோ, உன்னை யாருக்குத் தெரியும் என்று கேட்கிறது. அக்கேள்வியை நம்மவர் எத்தனை வாயில்களில் கேட்டிருக்கின்றனர்!

ஆதலின் இரண்டையும் கலத்தலே தக்கது என்பது நம் துணிபு. அறிஞரும் அவ்வழியில் முயன்றுள்ளனர். கனடாவில் ஜமாலி, எஸ்டர் என்போர் 2009இல் ஒரு கலப்பு முறையை வெளியிட்டனர். எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பொறி தானாகப் பிறவியிலேயே அறிந்ததன்று. அதை வகுப்பவர் மனிதரே. கணிப்பொறி பயிலும் நம் மாணவர் இதனை நன்கு வினவிப் பார்க்க வேண்டுகிறோம்.

நம் சங்க நூலகத்து இரவல் பேரேட்டின் ஓரத்தில், நூலைத் திருப்பித் தருவோர் ஓரிரு சொல் எழுதிச் செல்வது வழக்கம். பச்சை மையில் கையொப்பமின்றி எழுதுபவர் ஒருவர் உண்டு. அவர் யாரென அறியோம். அவர் நன்று என்று எழுதிய நூல்களைப் பல ஆண்டுகளாகத் தேடி எடுத்துப் படித்து வருகிறோம்.