விடிந்தபின் எஞ்ச வேண்டிய செல்வம்

(அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற பொழிவு)



தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. 11ஆம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது அது. அக்கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் இராசராசேச்சுர நாடகம் என்னும் கூத்தை ஆண்டுதோறும் ஆடுதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பானுக்கு, நாளொன்றுக்கு ஒரு தூணியாக, ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்கப்பட வேண்டும் என்று அக்கல் கூறுகின்றது. ஆடியவன் யார் என்பது தெரிகின்றது. எந்த விழாவில் ஆடினான் என்பதும் தெரிகின்றது. எத்துணை நெல் பெற்றான் என்பது கூடத் தூணிக் கணக்காய்த் தெரிகின்றது. ஆயின், அந்த நாடகம் என்ன ஆயிற்று? அதன் பாட்டில் ஓர் அடியேனும் எஞ்சியதுண்டா? எஞ்சவில்லை. நெல்லுக்குக் கல் இருந்தது. கூத்துக்கு ஏடு இல்லாமற் போயிற்று.

இஃது ஒரு நாடகத்துக்கு மட்டும் நேர்ந்த கேடு என்று எண்ணிவிட வேண்டா. அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களை முதலாம் இராசராசன் கல்லில் பொறித்தான். அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தனர் என்பதையும் பொறித்தான். அவர்கள் ஆடிய ஆட்டத்தின் அடவு ஒன்றும் அக்கல்லில் இல்லை. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடகத்தமிழ் நூல்களைப் பெயர் சொல்லிப் புலம்புகின்றார். அவர் காலத்திலேயே அவை சிதைந்து போயின. இயல், இசை, நாடகம் என்று முத்தமிழ் பேசும் ஓரினம், அம்மூன்றனுள் ஒன்றன் இலக்கண நூல்களைப் பெயரளவில் மட்டுமே வைத்திருக்கின்றது. படையெடுப்பாலும் கடல்கோளாலும் போனவை போக, எழுதி வைக்காமையாலும் படியெடுக்காமையாலும் போனவை எத்துணை என்று கணக்கிட்டவர் உண்டா?

பழங்கதை இருக்கட்டும், இன்றைய நிலை என்ன? தொண்டை மண்டலமே தெருக்கூத்தின் தாய்நிலம். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், செய்யாறு, திண்டிவனம், செஞ்சி என்று விரியும் அந்நிலத்தின் கீழ்க்கரையில்தான் அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் உள்ளன. ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த உழவூர்கள் இவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலைகள் எழுந்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுள் அடங்கியது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி ஆயிற்று. ஏர் போய்ப் பொறி வந்தது. ஆயினும் அம்மன் கோயில் விழா நிற்கவில்லை. விழா நின்றிலதேனும் அவ்விழாவின் இரவை நிறைத்த கூத்து எங்கெங்கு ஆடப்பட்டது, எவரால் ஆடப்பட்டது, எப்பொழுது ஆடல் நின்று மெல்லிசைக் குழு வந்தது என்பதை எடுத்துச் சொல்ல ஓர் ஏடு இங்கு உண்டா?

விழாத் துண்டறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். பந்தல் கொடுத்தவர் பெயர் உண்டு; ஒலிபெருக்கி கொடுத்தவர் பெயர் உண்டு; கட்சிக்காரர் படம் பெரிதாய் உண்டு. கூத்தைப் பற்றியோ, "இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து நடைபெறும்" என்பதோடு சரி. விடிய விடியத் தொண்டை கிழியப் பாடி ஆடியவன் பெயர் எங்கே? ஆயிரம் ஆண்டுக்கு முன் சோழன் கல்லில் கூத்தன் பெயராவது இருந்தது. இன்று ஆயிரம் படி அச்சிடும் தாளில் அதுவும் இல்லை. அந்தத் தாளும் விழா முடிந்த மறுநாள் குப்பையில்!

கூத்தின் ஆவணம் என்றால் என்ன என்பதை இங்குத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். கூத்தாசான் கையிலுள்ள பாட்டேடு முதலாவது ஆவணம். விருத்தமும் தருவும் உரையாடலும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆயின் அவ்வேடு கூத்தின் எலும்புக்கூடே ஆகும். கட்டியங்காரன் அன்றன்று ஊர்நிலை பார்த்துப் பேசும் பேச்சு அதில் இல்லை. மத்தளத்தின் நடை அதில் இல்லை. திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுத்துப் பின் வெளிப்படும் கூத்தனின் அடியெடுப்பு அதில் இல்லை. ஆகலின் ஒலிப்பதிவும் காணொளியும் வேண்டும். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்த முடியும் தோட்கட்டையும் மார்க்கட்டையும் ஆவணமே. கட்டைக்கூத்து என்னும் பெயரே அக்கட்டைகளால் வந்தது. கூத்துக்கு முன்பணம் கொடுத்த கணக்கேடும் ஆவணமே. எத்தனை இரவுகள் ஆடினர், எந்நாளில் கூலி குறைந்தது, எவ்வாண்டில் கூத்தே நின்றது என்பதைப் பிற்கால ஆய்வாளனுக்கு அந்த அழுக்கேறிய கணக்கேடே சொல்லும்.

இவற்றைத் தேடித் தொகுத்தவர் எவர்? இரிச்சர்டு பிராசுகா என்னும் அமெரிக்கர் தெருக்கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990இல் அவாய்ப் பல்கலைக்கழகத்தில் வெளிவந்தது. ஆல்பு இல்டெபைட்டல் துரோபதையம்மன் வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். ஆலந்து நாட்டு அன்னெ தெ புரூயின் 1999இல் கட்டைக்கூத்தைப் பற்றி நூல் செய்தார். மூவரும் போற்றத்தக்கோர், தமிழர் செய்யாததைச் செய்தவர்கள். ஆயின் அந்நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. செய்யாற்றங்கரைக் கூத்தனின் பெயரன் தன் பாட்டன் ஆடிய ஆட்டத்தை அறிய வேண்டுமாயின் அயல்மொழி கற்று அயல்நாட்டு நூலகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்றால், அந்த வெட்கம் யாருக்கு?

இங்கு ஒன்றுமே நடவாமல் இல்லை. நடந்ததையும் சொல்லுவதே நேர்மை. செய்யாறு அருகேயுள்ள புரிசையில் தலைமுறை தலைமுறையாய்க் கூத்தாடி வரும் தம்பிரான் குடும்பம் உண்டு. நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்த ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 2003இல் மறைந்த கண்ணப்பத் தம்பிரானின் நினைவாகப் புரிசையில் கூத்து விழா எடுக்கப்படுகின்றது. காஞ்சிபுரத்தில் பெ. இராசகோபால் முதலிய கூத்தர்கள் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டனர். 2002 முதல் 2020 வரை சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளிக் கல்வியோடு கூத்தும் கற்பித்த கல்விக்கூடம் ஒன்றை நடத்தினர். ஆடவரே ஆடிய கூத்தில் பெண்மக்கள் முடி தரித்து ஆடினர். இத்தகைய விழாக்களிலும் கூடங்களிலும் ஆண்டுதோறும் சேர்ந்த ஒளிப்படம், ஒலிநாடா, அழைப்பிதழ், பாட்டேடு ஆகியவை ஒரு நூற்றாண்டின் செல்வம். விழா எடுத்தல் பாதிப்பணி. விழாவின் சுவட்டைக் காத்தல் மறுபாதி.

காத்தல் தனியொருவனால் ஆகுமா என்று அயர்வோர்க்கு ஒரு சான்று. காரைக்குடி அருகே கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த ஓவியர் இரோசா முத்தையா. அறிஞர் பலர் குப்பை என்று ஒதுக்கிய நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் பொத்தகம், திருமண அழைப்பிதழ் அனைத்தையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ நூறாயிரம் நூல்களும் இதழ்களும் தாள்களும் அவர் வீட்டில் இருந்தன. சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியும் அயல்நாட்டுக்குக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்தது. அதற்கென 1994இல் உருவான ஆய்வு நூலகம், தரமணிக்குச் செல்லுமுன் இருந்த இடம் எது? அம்பத்தூரை அடுத்த முகப்பேர்! தமிழ் நாடகத்தின் தாள்வழி வரலாறு இவ்வட்டாரத்தின் வாயிலிலேயே பல்லாண்டு குடியிருந்தது. அண்டை வீட்டார் எத்தனைபேர் உள்ளே சென்று பார்த்தனர்?

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர் சிலர் ஒரு வினா எழுப்புவர். பாரதம் வடவர் கதை. அதை ஆடும் ஏட்டிலும் வடசொற்கள் மண்டிக் கிடக்கின்றன. அதைக் காப்பது ஆரியத்தைக் காப்பதாகாதா என்பர். கதை வந்தது வடக்கிலிருந்து. ஆயின் அதை ஆடிய கால் யாருடையது? பாடிய குரல் யாருடையது? பெருந்தேவனார் முதல் வில்லிபுத்தூரார் வரை தமிழில் பாடிய பாரதத்தை, எழுத்தறியா உழவனுக்கு எட்டுமாறு பேச்சுத்தமிழில் இறக்கி வைத்தவன் கூத்தன். மன்னனையும் முனிவனையும் கட்டியங்காரன் வாயால் நகைக்க வைத்தவனும் அவனே. கதையை ஏற்பதும் மறுப்பதும் பகுத்தறிவின் பாற்பட்டது. கலையைப் பதிவதோ வரலாற்றின் பாற்பட்டது.

இன்னொன்றும் அழுத்தமாய்ச் சொல்ல வேண்டும். பாட்டேட்டைப் படியெடுக்கும்போது வடசொல்லைக் களைந்து தனித்தமிழ் பெய்து எழுதலாமே என்று ஆர்வமுடையார் எண்ணக்கூடும். அவ்வாறு செய்தல் கூடாது. புதுக்கூத்து எழுதுவோர் தூய தமிழில் எழுதட்டும், அது கடமை. பழைய ஏட்டைத் திருத்துதலோ அதை அழித்தலே ஆகும். எந்தச் சொல் எப்பொழுது புகுந்தது, எந்தத் தமிழ்ச்சொல் கூத்தன் வாயில் மட்டும் பிழைத்துக் கிடந்தது என்பதைத் திருத்தாத ஏடே காட்டும். நோயறிய வேண்டிய மருத்துவன் நோய்க்குறியை அழிப்பானா?

காலம் கடத்துதற்கு இடமில்லை. பழைய ஒலிநாடாவின் காந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சிக் கெடும், பூஞ்சை படரும். நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் கருவி அரிதாகி வருகின்றது. மலிவான தாளோ தன்னில் உள்ள காடியாலேயே பழுத்து நொறுங்கும். 2015ஆம் ஆண்டு வெள்ளம் கொரட்டூர், அம்பத்தூர்த் தெருக்களில் புகுந்தபோது வீட்டுக்கு வீடு நனைந்து போன தாள்களுக்குக் கணக்கில்லை. ஈழத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துக்குப் புத்துயிர் ஊட்டியதோடு, நாட்டுக்கூத்து ஏடுகளை அச்சேற்றியும் வைத்தார். அவை பல கைகளுக்குப் பரவின. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீயிட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின; அவற்றுள் ஒற்றைப் படியாய் இருந்த சுவடிகள் மீளவே இல்லை. ஓரிடத்தில் ஒரே படியாய் இருப்பது, இல்லாததற்கு அடுத்த நிலை என்பதை அத்தீ கற்பித்தது.

ஆகவே செய்ய வேண்டுவன இவை.

ஒன்று: இனி அச்சாகும் ஒவ்வொரு விழாத் துண்டறிக்கையிலும் கூத்தின் பெயர், குழுவின் ஊர், ஆசானின் பெயர், மத்தளக்காரர் பெயர் ஆகியவை இடம்பெற வேண்டும் என விழாக்குழுவிடம் வற்புறுத்துங்கள். ஒரு படியை உள்ளூர் நூலகத்தில் சேருங்கள்.

இரண்டு: வீட்டுப் பரணில் உள்ள பழைய அறிக்கை, ஒளிப்படம், கணக்கேடு ஆகியவற்றை எடைக்குப் போடாதீர்கள். படத்தின் பின்புறம் ஊர், ஆண்டு, ஆள் பெயர் ஆகியவற்றைக் கரிக்கோலால் எழுதுங்கள். பெயரில்லாப் படம் ஊமைச்சான்று.

மூன்று: முதிய கூத்தர்களை நாடிச் சென்று அவர்தம் நினைவைப் பதியுங்கள். அவர்தம் இசைவின்றிப் பதியாதீர்கள். பதிவின் ஒரு படியையும் அவர்தம் பொழுதுக்கு உரிய பொருளையும் அவர்க்குக் கொடுங்கள். கூத்தனின் வறுமை மேல் ஆவணக் கோட்டை கட்டுதல் அறமன்று.

நான்கு: பாட்டேட்டைப் பறித்து வராதீர்கள். ஏடு கூத்தன் வீட்டிலேயே இருக்கட்டும். பக்கம் பக்கமாய்ப் படமெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். ஓலையாயின் முன்னோர் இட்ட வசம்பும் நொச்சியும் இன்றும் துணைசெய்யும்.

ஐந்து: நாடாவிலுள்ளதைக் கணினிக்கு மாற்றி, மூன்று படிகள் ஆக்குங்கள், அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்கட்டும். ஆவடியில் வெள்ளம் வந்தால் அதே நாளில் மதுரையிலும் வராது.

ஆறு: அட்டவணையைத் தமிழில் எழுதுங்கள். தேடினால் கிடைக்காத செல்வம் புதைத்த செல்வமே.

பெருமக்களே! பொன் வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். அரசு வந்து செய்யும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அரசின் கடமையை அரசுக்கு நினைவூட்டிக்கொண்டே ஊரின் கடமையை ஊர் செய்யலாம். ஒரு தெருவுக்கு ஓர் இளைஞன், ஒரு கோயில் விழாவுக்கு ஒரு குறிப்பேடு என்று தொடங்கினாலும் பத்தாண்டில் இவ்வட்டாரத்தின் கூத்து வரலாறு எழுந்து நிற்கும்.

திருமுதுகுன்றன் ஆடிய நாடகத்தை இனி எவராலும் மீட்கவியலாது. இன்று ஆடுவோனின் கூத்தையேனும் அக்கதிக்கு விட்டுவிடாதிருத்தல் இத்தலைமுறையின் கையில் உள்ளது. வரும் ஆடித் திங்கள் விழாவுக்கு இன்னும் அறிக்கை அச்சாகவில்லையாயின், பணியை அங்கிருந்தே தொடங்குங்கள்!