விரதம் முடிந்த மறுநாள்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விரதத்தின் மேன்மையைப் பற்றி இம்மேடையில் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். நான் பேச எடுத்துக்கொண்டது விரதம் முடிந்த மறுநாளைப் பற்றி.

தைப்பூசத்திற்கு முன் நம் இல்லங்களில் நிகழும் மாற்றத்தை நீங்கள் நன்கறிவீர்கள். காவடி எடுப்பவர் ஒருவர் இருந்தால் போதும். 48 நாளோ 21 நாளோ வீடே சைவமாகிவிடும். விரதச் சமையலுக்கெனத் தனிச் சட்டி பானைகள் அடுப்பேறும். பெரியவர் முதல் சிறுவர் வரை முகம் சுளிக்காமல் சாம்பாரும் ரசமும் உண்பர். புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் கந்த சஷ்டியிலும் இதே நிலைதான். காவடி செலுத்திச் சில நாள் கழிந்ததும், பல வீடுகளில் மீண்டும் ஆட்டிறைச்சி கொதிக்கும். அதிலும் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் அவ்வீட்டின் பதினாறு வயதுப் பிள்ளை, "எனக்கு வேண்டாம் அம்மா, நான் இப்படியே இருந்துவிடுகிறேன்" என்று சொன்னால் அன்றுதான் புயல் வீசத் தொடங்குகிறது. 48 நாள் புண்ணியமாக இருந்த உணவு 49ஆம் நாள் எவ்வாறு பிடிவாதமாக மாறியது? இக்கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நானும் அத்தகைய பிள்ளையாக இருந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, புகுமுக வகுப்பைக் கடந்து, பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படித்த 1997ஆம் ஆண்டில் புலால் உண்பதை விட்டேன். அவ்வாண்டு தைப்பூசத்திற்கு 21 நாள் விரதம் இருந்தேன். அதன்பின் இறைச்சியை வாயில் வைக்க மனம் இடந்தரவில்லை. கொல்லையில் நான் புல்லறுத்துப் போட்டு வளர்த்த கிடாய் ஒன்று முனீஸ்வரர் பூசைக்கென நேர்ந்துவிடப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

வீட்டில் மூன்று குரல்கள் எழுந்தன. "சொந்தக்காரர் முன்னிலையில் எங்கள் சாப்பாட்டை இழிவுபடுத்துகிறாயா?" என்றார் அப்பா. "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, உடம்பு தாங்குமா?" என்றார் அம்மா. "கண்ணப்ப நாயனாரே இறைவனுக்கு இறைச்சி படைத்தவர்தானே! நீ அவரைவிடப் பெரிய பக்தனோ?" என்றார் மாமா. அன்று என்னிடம் விடையில்லை. ஆனால் அக்குரல்களில் இருந்தது பகையன்று, அச்சம் என்பதை இன்று உணர்கிறேன். அவ்வச்சங்களுக்கு விடை காண்பது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பொதுவான கடமை.

மாமாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். காளத்தியில் கண்ணப்பர் படைத்த இறைச்சியைக் கண்டு மனம் வெதும்பியவர் ஆகம வழி பூசை செய்த சிவகோசரியார். இறைவன் அவருக்குக் காட்டியது கண்ணப்பரின் அன்பை. பிறரது அன்பின் வழியை இகழாதே என்பதே அவர் பெற்ற பாடம். அப்பாடம் இருபுறமும் பொருந்தும். இறைச்சி படைத்த அன்பை ஏற்ற இறைவன், இறைச்சியை விடும் பிள்ளையின் அன்பை ஏற்கமாட்டானா?

புலால் மறுத்தல் துறவிகளுக்கு உரியது என்று கூறுவோரும் உளர். திருக்குறளில் அவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்திருப்பது உண்மை. பிள்ளை துறவியாகிவிடுவானோ என்று பெற்றோர் கலங்குவதும் இயல்பே. ஆயினும் 26ஆம் அதிகாரமான அதற்கு முன் 25ஆம் அதிகாரமாக வள்ளுவர் வைத்திருப்பது அருளுடைமை. அருள் மனத்தில் ஊறியபின் உணவு மாறுகிறது என்ற ஒழுங்கை அங்குக் காண்கிறோம். அருள் துறவிக்கு மட்டும் உரியது என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம்.

இனி, தாயின் அச்சம். இதை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. வளரும் வயதில் வெறும் சோறும் அப்பளமும் உண்டு, அதைச் சைவம் என்று சொல்லிக்கொள்வது உடலுக்குச் செய்யும் கேடு. பருப்பு, கடலை, பயறு வகைகள், தவ்ஹூ, தெம்பே ஆகியன நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பவை, புரதம் நிறைந்தவை. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர, எலுமிச்சையோ கொய்யாவோ உடன் உண்பது நலம். உணவோடு தேநீர் அருந்துவது அச்சத்தைக் குறைத்துவிடும். மாதவிடாய்க் காலத்துப் பெண்பிள்ளைகள் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். வைட்டமின் பி12 நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.4 மைக்ரோகிராம் தேவை. பாலிலும் தயிரிலும் முட்டையிலும் அது உண்டு. தாவர உணவை மட்டும் நம்பி அதைப் பெற இயலாது. இவற்றை அறிந்த பிள்ளை தன் தாயிடம், "அம்மா, என் உடலை நான் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு எடை உண்டு.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் சோதனை காத்திருக்கிறது. நாசி லெமாக் சம்பலில் நெத்திலி இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் பெலாச்சானும் கலந்திருக்கும். நான் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை வீட்டிலிருந்து சோறு கட்டிச் சென்றேன். அதைக் கட்டியது முதல் சில வாரங்கள் நான், பின்னர் அம்மா. எந்த விவாதத்தாலும் அவர் மனம் மாறவில்லை. விடியற்காலையில் நான் தனியே பருப்பு வேகவைப்பதைப் பார்த்துப் பார்த்து மாறினார்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். புலாலை விடுவது எளிது. புலால் உண்பவரை இகழாதிருப்பது அரிது. உங்களுக்குச் சோறூட்டி வளர்த்த கை மீன் கழுவிய கையாக இருக்கலாம். அக்கையை அருவருப்பவன் எந்த அருளைப் பெற்றான்? வடலூரில் 1867ஆம் ஆண்டு தருமசாலை நிறுவிய வள்ளலார், புலால் மறுத்தலை உறுதியாக வற்புறுத்தியவர். எனினும் புலால் உண்பவர் பசித்து வந்தால் அவர் பசியையும் நீக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. கொள்கையில் உறுதியும் மனிதரிடத்தில் கனிவும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மறைத்து நடப்பதும் வேண்டாம். காந்தியடிகள் சைவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் நண்பரின் தூண்டுதலால் மறைவாக இறைச்சி உண்டவர். பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்ததே அவரை வருத்தியது. அதனால் அதை நிறுத்தினார். 1888இல் இலண்டன் சென்றபோது தாய்க்கு அளித்த வாக்கே அவரைக் காத்தது. அங்கு சால்ட் என்பவரின் நூலைப் படித்த பின்னரே சைவ உணவைத் தம் சொந்த விருப்பமாக ஏற்றார். நம் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு. வீட்டு வழக்கம் புலால்; விருப்பம் சைவம். ஆனால் பெற்றோரிடம் உண்மை பேசுதல் என்னும் அறம் இரு நிலைக்கும் ஒன்றே.

இக்காலத்தில் சில பிள்ளைகள் இன்னும் ஒருபடி சென்று பாலையும் நெய்யையும் தவிர்க்கின்றனர். இதனை நனிசைவம் என்பர். அதற்குரிய 'வீகன்' என்ற ஆங்கிலச் சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. பால்குடம் எடுக்கும் திருநாளில் இப்பிள்ளைகள் எங்கே நிற்பது? அபிஷேகத்திற்கு இளநீர் உண்டு, பன்னீர் உண்டு, சந்தனம் உண்டு. தோளில் சுமக்கப் புஷ்பக் காவடி உண்டு. நம் வழிபாடு அவ்வளவு விரிந்தது. பிள்ளையின் கேள்வியைக் கேட்டு நாம் முகம் சுளித்தால், விலகிச் செல்வது பால் மட்டுமன்று, பிள்ளையும்தான். பி12 சத்தைப் பற்றி நான் கூறியது இவர்களுக்கு இருமடங்கு பொருந்தும். மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ அதைத் தவறாமல் பெற வேண்டும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் சிறியது. நீங்கள் உங்கள் உணவை மாற்ற வேண்டியதில்லை. பிள்ளையின் முடிவை ஏற்கவும் வேண்டியதில்லை. விரதக் காலத்தில் தனியே எடுத்துவைக்கும் அந்த ஒரு சட்டியை, விரதம் முடிந்த பின்னும் அடுப்படியிலேயே விட்டுவையுங்கள். கேலியும், தட்டில் வலிந்து பரிமாறுவதும் வேண்டாம். என் அப்பா இறுதிவரை என் முடிவை ஏற்கவில்லை. ஆனால் எந்தத் திருமணத்திற்கு அழைப்பு வந்தாலும், "சைவப் பந்தி உண்டா? என் பையன் வருவான்" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஏற்காமலும் அன்பு செலுத்தலாம் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

ஆலயச் செயலவைக்கும் ஒரு விண்ணப்பம். அன்னதானக் கூடத்தில் ஒவ்வொரு வெள்ளியும் பெரிய கொப்பரைகளில் சைவ உணவு சமைக்கப்படுகிறது. அங்குச் சமைக்கும் மூத்த தாய்மார்களைக் கொண்டு, மாதம் ஒருநாள் நம் இளைஞர்களுக்குச் சமையல் கற்பிக்கலாம். பெற்றோரும் உடன் வந்து அமரட்டும். வீட்டில் ஆதரவற்ற பிள்ளைக்குப் பருப்பு வேகவைக்கக் கற்றுத்தரும் இடம் கோயிலாக இருக்கட்டும்.