பூட்டிக் கிடக்கும் வீடும் அஞ்சு பேர் பணமும்
(ஏற்காடு உறுப்பினர்கள் கூட்டத்தில் களஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்திலே அஞ்சு பேர் எழுந்து, "எங்க குழு அக்கா வீடு ஒண்ணு பூட்டியே கிடக்குது. பழுது பாத்து, கோடை விழாவுக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போறோம். குழுப் பேரிலேயே நடத்தலாமா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குழு சேமிப்புக்கும் கடனுக்கும் உள்ளது. 15 பேர் சேமிப்பை 5 பேர் தொழிலோடு கலந்தால், நட்டம் வரும்போது மற்ற 10 பேர் சும்மா இருப்பாங்களா?

வீட்டுக்கார அக்கா ஒருத்தரே நடத்தினால் சுலபம். 2025-26 முதல் புதிய வரி முறையில் தனிநபருக்கு 12 லட்சம் வருமானம் வரை வருமான வரி இல்லை. ஆனால் மத்தவங்க போட்ட பணம் வெறும் கைமாத்துதான்.

அடுத்தது கூட்டாண்மை, 1932-ஆம் வருடச் சட்டம். லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி உண்டு. வேலை செய்யும் பங்குதாரர் சம்பளத்தைப் பத்திரத்தில் எழுதினால், ஓர் அளவு வரை கழிச்சுக்கலாம். தொழில் கடனுக்கு ஒவ்வொருத்தர் சொந்தச் சொத்தும் பொறுப்பு, இதை வீட்டிலே சொல்லிட்டு கையெழுத்துப் போடுங்க. கூட்டாண்மையைப் பதிவும் செய்யணும். செய்யாவிட்டால், பங்கு தரலைன்னு கோர்ட்டுக்குப் போக முடியாது, கூட்டைக் கலைச்சுக் கணக்குக் கேட்கத்தான் முடியும்.

பொறுப்பு வரையறுத்த கூட்டாண்மை என்று 2008 சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. போட்ட பணத்தோடு பொறுப்பு முடிந்துவிடும். ஆனால் வருமானமே இல்லாட்டியும் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்யணும், தவறினால் அபராதம். ரெண்டு ரூமுக்கு இது யானைக்குத் தீனி போடுற கதை. உங்க அஞ்சு பேருக்குப் பதிவு செய்த கூட்டாண்மையே போதும்.

ஆனால் வீடு யார் பேரில்? சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், "நம்ம அக்காதானே, வாய்ப்பேச்சு போதும்" என்று நானே விட்டுவிட்டேன். கடன் வாங்கிக் கூரை மாத்தி, கக்கூஸ் கட்டினாங்க. எட்டாம் மாசம் அக்கா மகன் வந்து பூட்டுப் போட்டுட்டார். ரெண்டு வருஷம் வருமானமில்லாமலே தவணை கட்டினாங்க. அவங்க முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும்.

அதனாலே குத்தகை எழுதுங்க. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். அஞ்சு வருஷம் கேளுங்க. நடுவிலே வீட்டைக் கேட்டால் பழுதுபார்த்த செலவை யார் தரணும், ஒருத்தர் விலகினால் பங்கு எப்படி, அதையும் எழுதுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப் பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது மூன்றையும் எடுத்துட்டு வாங்க. பட்டா இன்னும் மாமனார் பேரிலேயே இருந்தா, அதை முதல்லே சொல்லிடுங்க அக்கா.